ஞாயிற்றுக்கிழமைகளில் குறையும் தோரியம்

"அருள், எனக்கென்னமோ பிரச்சனையே நீங்கதான்னு தோணுது" என்றார் ஸ்வாதி.

திங்கட்கிழமை காலை. நான் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. இதற்கு முன் நான் பாதியில் விட்டுவிட்டு வந்த கால் சென்டரில் இரவு ஷிப்ட் மேனேஜர் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் ஆதாரம் காட்டியதில்லை. ஸ்வாதி காட்டினார்.

திரையில் ஒரு கோடு. வாரம் முழுக்க மேலே ஓடி, திடீரென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. அப்படி நிறைய பள்ளங்கள்.

"இது நம்ம மெஷினுக்குத் தெரியுற தோரியம். எங்கிருந்து வருதுன்னு தெரியல. வைகாசியிலிருந்து வரஞ்சு வச்சிருக்கேன். கோடு விழுந்த நாளையெல்லாம் பாருங்க. பாதிக்கு மேல ஞாயித்துக்கிழமை. மீதி, நீங்க லீவு போட்ட நாள்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நான் வராத நாட்களில் தோரியமும் வரவில்லை.

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம் அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், பாடிக்குப் போகும் சந்தில் இருக்கிறது. ஒரு பழைய ஷெட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியை முதலாளி சம்பந்தம் வாடகைக்கு எடுத்திருந்தார். வெளிநாட்டுக்குப் போகும் பால் பவுடர், இறால், மஞ்சள்தூள் எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சு இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது தொழில். ஈயக்கட்டிகளை அடுக்கிய ஒரு கூடு, அதற்குள் ஒரு டிடெக்டர். பொருளை உள்ளே வைத்து மூடினால், அதிலிருந்து வரும் கதிர்களை மெஷின் எண்ணும். ஒவ்வொரு தனிமத்துக்கும் திரையில் ஒரு இடம். எது இருக்கிறதோ அதன் இடத்தில் ஒரு மேடு எழும்பும். இறாலில் எதுவும் எழும்பாது. நான் சான்றிதழில் சீல் குத்துவேன். நிம்மதியான வேலை.

ஸ்வாதி வந்தபின் நிம்மதி போயிற்று. அவர் ஈரோட்டுக்காரர், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. அங்கே இருக்கும் மெஷினுக்குப் பெரிய வரிசை நிற்கிறது என்று எங்கள் மெஷினை வாடகைக்குப் பிடித்திருந்தார். அளக்க அவர் கொண்டுவந்தது தென்துருவத்துப் பனி. அங்கே நாலு மீட்டர் குழி வெட்டி, அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்து, கப்பலில் உறைந்தபடியே கொண்டுவந்து, உருக்கி, வற்றவைத்து, ஒவ்வொரு அடுக்கையும் ஒரு ஊறுகாய் டப்பா அளவுக்கு அடக்கியிருந்தார்கள். டப்பாவைத் திறந்தால் பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெருங்காயம் கரைத்த தண்ணீர் மாதிரி கொஞ்சம் கலங்கல்.

அதில் தேடுவது சீசியத்தை. அறுபதுகளில் பெரிய நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது கிளம்பிய சீசியம், காற்றோடு உலகம் சுற்றிக் கடைசியில் அங்கேயும் பனியோடு விழுந்தது. எந்த அடுக்கில் அது அதிகமோ, அந்த அடுக்கு அறுபதுகளின் நடுவில் விழுந்த பனி. அதற்கு மேலே எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், வருடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று சொல்லிவிடலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சீசியம் மிகமிகக் கொஞ்சம். அதை எங்கள் மெஷினில் தேடுவது, பக்கத்துத் தெருவில் மைக் செட் அலறும்போது போனில் ரகசியம் கேட்கிற மாதிரி. மைக் செட், எங்கிருந்தோ கதிர் வீசும் இந்தத் தோரியம்.

"ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள ரிசல்ட் வரலைன்னா டப்பாவையெல்லாம் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பிடுவேன்னு எங்க ஆராய்ச்சித் தலைவர் சொல்லிட்டார்" என்றார் ஸ்வாதி. "குழி வெட்டினது நான். ரெண்டு மாசம் விரல்ல உணர்ச்சியே இல்ல. அளக்குறது மட்டும் வேற யாரோவா? அதனால தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க எங்க தங்கியிருக்கீங்க, என்ன சாப்பிடுறீங்க, எல்லாம் சொல்லணும்."

"கொரட்டூர்ல, மேடம். சோறுதான் துன்றேன்."

"லீவு போட்டு எங்க போனீங்க?"

"கல்யாணத்துக்கு. எங்க சொந்தத்துல வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் வரிசையா கல்யாணம்."

என் சட்டை, பை, செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாம் அன்று ஈயக்கூட்டுக்குள் போய் வந்தன. ஒன்றும் இல்லை. அவருக்குத் திருப்தி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வேலைக்கு வரச் சொன்னார். வழக்கமாகக் கோடு விழும் நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தும் அது விழுந்தால் நான் நிரபராதி.

போனேன். ஈயக்கூட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பந்தம் பரோட்டா வாங்கி வந்து கொடுத்து, சேலையூரிலிருக்கும் தன் மைத்துனனுக்குப் போன் போட்டு, "நம்ம பையன் மேல அணு இருக்கான்னு பாத்துகினு கீறாங்கோ" என்று சத்தமாகச் சொன்னார். சம்பந்தத்துக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

கோடு பள்ளத்திலேயே கிடந்தது. நான் அசைந்தேன், எழுந்தேன், கூட்டைக் கட்டிப் பிடித்தேன். தோரியம் இல்லை.

"நீங்க இல்ல" என்றார் ஸ்வாதி. என்னை விடுதலை செய்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை. பிடித்த ஒரே திருடனும் கை நழுவிப் போன போலீஸ்காரர் மாதிரி இருந்தார்.

"அப்போ எக்ஸ்ரே தான்" என்றார் சம்பந்தம். "எதிர் கம்பெனில வெல்டிங்க எக்ஸ்ரே புடிப்பாங்கோ. ஞாயித்துக்கெழம லீவு."

"அது தோரியம் மாதிரி தெரியாது சார். அதுவும் இல்லாம முகூர்த்த நாள்ல கம்பெனி லீவா என்ன?"

இருட்டும் நேரத்தில் வெளியே ஒரு மினி வேன் வந்து நின்றது. பக்கத்துப் பாதி ஷெட்டின் ஷட்டர் ஏறும் சத்தம். சாமான் இறக்கும் சத்தம். நான் கிளம்பப் பையை எடுத்தேன்.

"உக்காருங்க" என்றார் ஸ்வாதி.

கோடு ஏற ஆரம்பித்திருந்தது.

"எதையாவது தொட்டீங்களா?"

"இல்ல மேடம். ஒரு வாழப்பழம் துன்னேன்."

"அது பொட்டாசியம். இது தோரியம்." எழுந்து சுவரைப் பார்த்தார். ஈயக்கூட்டுக்குப் பின்னால் இருக்கும் சுவர். மறுபக்கம் ஏதோ கனமானதை இழுத்துத் தள்ளினார்கள். தடாலென்று ஒரு சத்தம். கோடு இன்னும் ஏறியது. "அந்தப் பக்கம் யாரு?"

டில்லிபாபு. எனக்கு நன்றாகத் தெரிந்தவன். 'டில்லி லைட்ஸ்' என்று சீரியல் பல்பு, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறான். அவனிடம் ஒரு விசேஷம், பெட்ரோமாக்ஸ் விளக்குகள். அம்மன் ஊர்வலத்துக்கு இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். கல்யாண ரிசப்ஷனில் பழைய காலத்து செட்டு போட்டு போட்டோ எடுப்பவர்களும் கேட்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் விளக்குக்கு அவனைப் பேசிவிட்டது நான்தான். நான் கிளம்பின நாளெல்லாம் அவனும் கிளம்பியிருக்கிறான். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூழ் ஊற்றும் கோயில்கள் அவனைக் கூப்பிடும். எனக்கும் ஞாயிறுதான் லீவு.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்வாதி வெளியே போய்விட்டார்.

டில்லிபாபு கைலியை மடித்துக்கட்டி வேர்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் மூன்று டிரங்குப் பெட்டி.

"இதுல என்னங்க இருக்கு?"

"மேண்டில் மேடம். பெட்ரோமாக்ஸ்ல ஒட்ற வல. டவுன்ல ஒரு கட மூடுறப்ப மொத்தமா தூக்கிகினு வந்தேன். பழய சரக்கு, செம வெளிச்சம். வண்டி குலுக்குனா உதிந்துடும், அதனால எங்க போனாலும் பொட்டியோட போவேன்."

பழைய மேண்டில்களில் தோரியம் தடவியிருப்பார்கள். அதனால்தான் அந்த வெளிச்சம். எனக்கு அன்றுதான் தெரியும். ஸ்வாதிக்கு முன்பே தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் தெரியாது. அவர் என்னைத் திரைக்கு முன் நிற்கவைத்து, டில்லியைப் பெட்டிகளை வேனுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். கோடு விழுந்தது. திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ஏறியது. மறுபடி.

"இன்னா மாமே, ஜிம்முக்கு வந்தாமாரி கீது" என்று சுவருக்கு அப்பால் டில்லி கத்தினான். "இன்னா மேட்டருன்னு சொல்லிட்டுத் தூக்கச் சொல்லு!"

"ஏன் சரியா இந்தச் சுவத்துல வச்சீங்க?" என்று ஸ்வாதி கேட்டார்.

"போன மழைக்கு உள்ள தண்ணி பூந்துச்சு மேடம். ஒங்க மொதலாளிதான் சொன்னாரு, இந்தச் சொவரு ஒண்ணுதான் ஓதம் இல்லாத சொவரு, இங்க வையின்னு."

சம்பந்தம் பரோட்டா பார்சல் காகிதத்தை மடித்து மடித்து மிகச் சின்னதாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பெட்டிகள் ஒரு ஐம்பதடி தள்ளிப் போனால் போதும். ஸ்வாதி டில்லியிடம் நேராகச் சொன்னார்: பெட்டி மூடியிருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது, பழைய மேண்டிலை மாற்றும்போது உதிர்கிற சாம்பலை மூச்சில் இழுக்கக்கூடாது, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியில் வைத்து மாற்று. டில்லியும் தலையாட்டினான். முனையிலிருக்கும் ஸ்டீல் கம்பெனி வாட்ச்மேன் அறையில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை டீக்கடையில் சம்பந்தம், "பையன் மேல தப்பே இல்லப்பா, டில்லி பொட்டிலதான் அணு கீது" என்று சொன்னார். என் பெயரைக் காப்பாற்ற அவருக்கு அவ்வளவு அக்கறை. டீக்கடையில் அப்போது சந்தில் பாதி நின்றிருந்தது.

மதியத்துக்குள் வாட்ச்மேன் அறைக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. லேத் பட்டறைக்காரர், தன் தம்பி மனைவி முழுகாமல் இருப்பதாகச் சொன்னார். தம்பி குடும்பம் இருப்பது ஆவடியில். இரும்புக் கடைக்காரர் மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, சாயங்காலம் மனசு மாறி, பெட்டிகளை நடுச்சந்தில் வைத்துவிட்டுப் போனார். மேலே ஒரு வேப்பிலைக் கொத்து. கோவில்பதாகையில் டில்லியின் ஒற்றை அறை வீட்டில் அவன் மனைவி காவ்யா, "பொட்டி உள்ள வந்தா நான் வெளிய" என்று சொல்லிவிட்டாள். ஆவணிக்கு விளக்கு சொல்லியிருந்த ஒரு பெண் வீட்டார் வேண்டாம் என்று போன் செய்தார்கள்.

பெட்டிகள் பழைய ஸ்டாண்டுக்கே வந்தன. கோடு பழைய இடத்துக்கே ஏறியது. டில்லி ஷட்டரைப் பாதி இறக்கி அடியில் உட்கார்ந்துகொண்டான்.

"இனிமே நகத்த மாட்டேன். நகத்துனா பயம்னுதானே அர்த்தம்? இங்கியே கீட்டும். ஏன் அண்ணாத்தே," இது சம்பந்தத்துக்கு, "ஒனக்கு இந்தப் பக்கமும் வோணும்னா வாய தொறந்து கேட்டுருக்கலாம்ல? எதுக்கு என் பொழப்புல அணுவ போட்ட?"

சம்பந்தம் அவனுக்கு ஏழெட்டு விதமாகச் சமாதானம் சொன்னார். எல்லாமே சத்தமாக. ஒவ்வொரு சமாதானத்துக்கும் சந்தில் இரண்டு பேர் கூடுதலாக நின்றார்கள்.

ஸ்வாதி கணக்குப் போட்டார். மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு என்று குறைந்தது மூன்று டப்பாவாவது எண்ணினால்தான் தலைவருக்குக் காட்ட முடியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் சுத்தமாக எண்ண வேண்டும். பதினைந்தாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. டப்பாக்களை அனுப்புவதற்கான அட்டைப்பெட்டியை மடித்துப் பார்த்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொரட்டூர் ஏரிக்கரையில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு அந்த வாரம் காப்பு கட்டி, பத்து நாள் திருவிழா. விழாக் கமிட்டி என்பது ஜெகதாம்பாள் அக்கா. மற்ற பேரெல்லாம் நோட்டீசில் இருக்கும். அக்கா ஒரு காலத்தில் பாடி தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு போட்டவர். ஆயிரம் பேரின் குறையைக் கேட்டு, ஒன்றையும் தீர்க்காமல் எல்லோரையும் சாப்பிட வைத்த அனுபவம். அம்மன் பெயரைச் சொல்லி டில்லியையும் கிளப்பினேன். ஸ்வாதியோடு மூவரும் அவர் முன் நின்றோம். நான் முழுசாகச் சொன்னேன். அம்மன் இடத்தில் பத்து நாள் பெட்டி இருக்க முடியுமா?

"கடசி நாள் ஊர்வலத்துக்குத்தானே லைட்டு சொல்லிக் கீது?" என்றார் அக்கா. ஸ்வாதியைப் பார்த்து, "இத்தினி வருஷமா இவன் லைட்டு வெளிச்சத்துலதான் ஆத்தா போயிகினு கீறா. அவளுக்கு இன்னா ஆச்சு? எனக்கு இன்னா ஆச்சு? உண்மைய சொல்லு பாப்பா, ஆபத்தா?"

"மூடின பெட்டி ஆபத்தில்லைங்க. கூட்டம் நிக்கிற இடத்துல வேணாம். பின்னாடி ஸ்டோர் ரூம்ல பூட்டி வைங்க. சாம்பல் மேட்டர் அவருக்குச் சொல்லியிருக்கேன்."

"அப்ப வையி. ஆனா சும்மா வைக்கக் கூடாது. பத்து நாளும் லைட்டு எரியணும். ஒபயம்."

டில்லி உடனே தலையாட்டவில்லை. இத்தனை நாள் அடி வாங்கியவன், பேரம் பேசும் இடம் வந்ததும் தெளிந்துவிட்டான். "எரிக்கிறேன்க்கா. ஆனா பேனர் வோணும். அதுல மேடம் போட்டோ இருக்கணும். என் போட்டோவாண்ட."

"என் போட்டோவா? எதுக்கு?"

"இன்னா மேடம், ஒங்க ஆளு டீக்கடைல சொன்ன ஒரு வார்த்தைல என் பொழப்பு நாறிப் போச்சு. நீங்களே என் பக்கத்துல நின்னா, எவன் கேக்கப் போறான்?"

நியாயம் அவன் பக்கம் இருந்தது. ஸ்வாதி என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

பேனர் வாசகத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை. டில்லி முதலில் எழுதிக் கொண்டுவந்தது 'உலகப் புகழ் அணு விஞ்ஞானியின் ஆசி பெற்ற'. ஸ்வாதி அடித்தார். 'நாசா' என்று ஒரு இடத்தில் இருந்தது. அதையும் அடித்தார்.

"ஆசியெல்லாம் நான் தரல. சோதிச்சேன். அதை மட்டும் போடுங்க."

"சோதிச்சு இன்னா கண்டீங்க?"

"தோரியம் இருக்குன்னு கண்டேன்."

"அத்த போட முடியுமா மேடம்?"

கடைசியில் 'தென்துருவ விஞ்ஞானி ஸ்வாதி அவர்களால் நேரில் சோதிக்கப்பட்ட ஒரிஜினல் பெட்ரோமாக்ஸ்' என்று முடிவானது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. போட்டோவுக்கு அவரிடம் இருந்தது தென்துருவத்தில் எடுத்தது ஒன்றுதான். சிவப்பு ஜாக்கெட், தலையில் குல்லா, கையில் மண்வெட்டி. பிரிண்டிங் கடைக்காரன் அந்தக் கையை எப்படிக் கும்பிட வைப்பது என்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வேறு யாருடைய கைகளையோ ஒட்டிவிட்டான். வளையல் போட்ட கைகள். மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் கூலிங் கிளாசோடு டில்லி.

பெட்டிகள் கோயிலுக்குப் போன அன்று கோடு பள்ளத்தில் விழுந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. மேல் டப்பாவை உள்ளே வைத்தோம். மூன்று நாள். சீசியத்தின் இடத்தில் ஒன்றும் இல்லை, புல் முளைக்காத தரை. ஸ்வாதி அது சரிதான் என்றார். மேல் அடுக்கு சமீபத்துப் பனி, அதில் இருக்கக்கூடாது.

நடு டப்பா. முதல் நாள் ஒன்றுமில்லை. ஸ்வாதி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான்கு மீட்டரில் சரியான இடத்தைத் தவறவிட்டிருந்தால் எல்லாம் வீண். கோயிலில் கூழ் ஊற்றினார்கள், டில்லி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்து, திரையைப் பார்த்து, "இன்னா, வரலையா?" என்று கேட்டுவிட்டு, செருப்பு சத்தம் கேட்காமல் நடந்து போனான்.

இரண்டாம் நாள் மாலை அந்த இடத்தில் தரை லேசாக வீங்கினது மாதிரி இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. கால் சென்டர் நாட்களில் கண் எரிந்து எரிந்து, இல்லாததெல்லாம் திரையில் தெரிந்து பழகியவன். மூன்றாம் நாள் காலை அது மேடு. குழந்தைக்குக்கூடக் காட்டலாம். சின்ன மேடு, ஆனால் மேடு.

ஸ்வாதி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூக்கைத் திறந்து, ஆறிப்போன கூழை மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "வந்துடுச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் கத்தினார். சம்பந்தம் ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று மெயின் சுவிட்சைப் பிடுங்க ஓடினார். நான் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று நாள் எண்ணியதெல்லாம் போயிருக்கும்.

கீழ் டப்பாவில் மறுபடி ஒன்றுமில்லை. அது குண்டுகளுக்கு முந்தின பனி. பதினான்காம் தேதி மதியம் ரிசல்ட்டை அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் தலைவரிடமிருந்து போன் வந்தது. ஸ்வாதி ஷட்டருக்கு வெளியே வெயிலில் நின்று பேசினார். தலைவர் நீளமாகப் பேசுகிறவர்.

வாசலில் டில்லி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேனர் ஆவடி வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றியிருந்தது. அந்தரத்து மண்வெட்டிக்காகத்தான் சுற்றியது, ஆனால் அடியில் அவன் நம்பர் இருந்தது. வேண்டாம் என்ற பெண் வீட்டார் திரும்பி வந்து, "சோதிச்ச லைட்டே குடுங்க" என்று கேட்டிருந்தார்கள். காவ்யா மட்டும் இன்னும் பெட்டிக்கு இடம் தரவில்லை. அந்த விஷயத்தில் ஸ்வாதியும் அவள் கட்சி.

ஸ்வாதி போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். "மீதி டப்பா எல்லாத்தையும் இங்கயே எண்ணச் சொல்றார். இருபதுக்கு மேல இருக்கு. ரெண்டு மாசத்துக்கு இதே மாதிரி தோரியம் தொல்லை இல்லாம வச்சிருக்க முடியுமான்னு கேக்குறார். டில்லி, ஆவணியில உங்களுக்கு எப்படி?"

டில்லி துணியை உதறினான். "ஆவணியா? மேடம், மொத்தமும் முகூர்த்தம். பொட்டி வண்டியவுட்டு எறங்கினா ஆச்சர்யம். நடுவுல காலி நாள் வந்தா, ஜெகதாம்பாக்கா ஸ்டோர் ரூம் சாவிய என்கிட்டயே குட்த்துட்டாங்கோ."

"பெட்டிய இந்தச் சுவத்துப் பக்கம் கொண்டு வரமாட்டீங்களே?"

"நான் வர மாட்டேன். அண்ணாத்தைய யாராச்சும் புடிச்சு வச்சிக்கோங்கோ, எடம் காட்றேன்னு கூப்ட்டுகினே கீறாரு."

ஸ்வாதி கையை எடுத்து, போனைக் காதில் வைத்தார்.

"முடியும் சார்" என்றார்.